சூரியனுக்கு என்ன வேலை கொடுக்கப் போகின்றோம்?

வன்னியிலே சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசாத சந்தி இன்று இல்லை. கிளிநொச்சிக் கடைத்தெருவிலும், முல்லைத்தீவு வீதியிலும், வவுனியா நகரிலும் இதே பேச்சுத்தான். “கூரை இருக்கின்றதா? தகட்டை ஏற்றுங்கள். மின்கட்டணம் மிச்சம், மாதந்தோறும் கையிலே காசு” என்கின்றனர் விற்போர். இதைக் கேட்டு ஆவல் கொண்ட விவசாயிகளும், ஆசிரியர்களும், வைத்தியர்களும், அரச உத்தியோகத்தரும் ஒப்பந்தப் பத்திரத்தையோ கடன் விண்ணப்பத்தையோ கையிற் கொண்டு நம்மிடம் வருகின்றனர். அவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “எத்தனை கிலோவாற் போடலாம்?” நாம் திருப்பிக் கேட்கும் வினாவும் ஒன்றே: “அதைக்கொண்டு என்ன வேலை செய்விக்கப் போகின்றீர்கள்?”

இரண்டாவது வினாவுக்கு விடை தெரியாமல் முதலாவது வினாவுக்கு விடை காண முடியாது. மாடு வாங்கப் போகும் கமக்காரன் உழவுக்கா, வண்டிக்கா, பாலுக்கா என்று தீர்மானியாமல் வீட்டை விட்டுப் புறப்படுவானா? புறப்படமாட்டான். ஆனால் மாட்டைவிடப் பன்மடங்கு விலையுள்ளதும், இருபது ஆண்டு ஒப்பந்தத்தால் நம்மைப் பிணைப்பதுமான ஒரு பொருளை, எதற்கென்று தீர்மானியாமலே நம்மவர் வாங்கி வருகின்றனர். இதனால் விளையும் துன்பத்தை நேரிற் கண்டபடியாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

இருண்ட வீடும் விளக்கெரிந்த வீடும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. வெள்ளம் பெருகியது, மின்கம்பிகள் அறுந்தன. வெள்ளம் வடிந்த பின்னர் குளத்தோரக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு விவசாயி தம் வீட்டுக் கூரையைக் காட்டினார். ஐந்து கிலோவாற் தகடுகள், கடனுக்கு வாங்கியவை. “ஐயா, கூரையிலை இவ்வளவு கிடக்குது. கரண்ட் நிண்ட நாளெல்லாம் வீட்டுக்குள்ளை குப்பி விளக்குத்தான்” என்றார். அடுத்த வளவிலே கணவனை இழந்த தாய் ஒருவர் வாழ்கின்றார். அவர் வீட்டில் ஒரு சிறு தகடும் ஒரு பற்றரியுமே இருந்தன. அந்த நாட்களில் அயலாரின் கைப்பேசிகளெல்லாம் அந்த வீட்டிலேதான் மின்னேற்றப்பட்டன. “வெயில் குறைஞ்ச நாளிலை ஃபானை நிப்பாட்டிப் போட்டு லைற்றை மட்டும் போட்டம், தம்பி” என்று அவர் அமைதியாகச் சொன்னார்.

பெரிய தகடு இருந்த வீடு இருளில் மூழ்கியதேன்? சிறிய தகடு இருந்த வீட்டில் விளக்கெரிந்ததேன்? இயந்திரம் பழுதன்று. இரண்டும் தத்தமக்கு விதிக்கப்பட்ட வேலையைச் சரிவரச் செய்தன. கூரைத் தகடுகளை மின்வலையோடு மட்டும் இணைக்கும் இன்வேட்டர், மின்வலை செத்தவுடன் தானும் நின்றுவிடும்படியே அமைக்கப்பட்டிருக்கின்றது. இல்லையேல் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் திருத்தும் தொழிலாளி, வீட்டிலிருந்து வரும் மின்சாரத்தால் உயிரிழப்பான். ஆகவே இந்த ஏற்பாடு நியாயமானது, தேவையானது. பற்றரியும், மின்வலையிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனித்து இயங்க வல்ல இன்வேட்டரும் இருந்தாலன்றி, கூரை நிறையத் தகடு இருந்தும் வீட்டுக்கு ஒளியில்லை. இந்த ஓர் உண்மையை அவ்விவசாயிக்கு விற்றவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் வாங்கியது மின்சாரம் விற்கும் இயந்திரம். அவர் வாங்கியதாக எண்ணியிருந்ததோ இருள் நீக்கும் இயந்திரம்.

நாம் மறந்துவிட்ட பாடம்

இருளைப் பற்றி வன்னி மக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990 இற்குப் பின்னர் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ இரு தசாப்தங்கள் தேசிய மின்வலையின்றிக் கிடந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயும் திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கிடைத்த ஒரு சூரியத் தகட்டைப் பொன்னேபோற் போற்றினர்.

அந்நாளில் நம் மக்கள் வறுமையில் இருந்தனர். ஆனால் கணக்கில் தவறவில்லை. ஒரு தகட்டிலிருந்து எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம், எதை முதலில் அணைப்பது என்பது வீட்டுச் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. போர் 2009 மே மாதம் முடிந்தது. பின்னர் மின்கம்பிகள் வந்தன, விளக்குகள் எரிந்தன, கணக்கும் மறந்துபோயிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோதுதான் நாடு முழுவதும் திடுக்கிட்டு விழித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம் உயர்ந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. இத்தனை அடியும் வாங்கிய மக்கள் சூரியனை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அச்சத்தினால் வாங்கும் பொருளும் ஆசையினால் வாங்கும் பொருளும் கணக்கின்றி வாங்கப்படுகின்றன என்பதே நமது கவலை.

நான்கு வேலைகள்

வீட்டுச் சூரிய மின்சாரத்துக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் நான்கு. முதலாவது, மின்வலை நின்றபோது வீட்டின் அவசியங்களைக் காப்பது. இரண்டாவது, பகலில் தண்ணீர் இறைப்பது. மூன்றாவது, மின்கட்டணத்தைக் குறைப்பது. நான்காவது, மின்சாரத்தை விற்றுப் பணம் பெறுவது. இந்நான்கும் ஒரே வேலையல்ல. ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, செலவு வேறு, ஒப்பந்தம் வேறு. எல்லாவற்றையும் ஒரே பெட்டி செய்யும் என்று சொல்பவர் ஒன்றில் அறியாதவர், அன்றேல் விற்பவர்.

முதலாவது வேலையைப் பார்ப்போம். ஒன்பது வாற் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாற்-மணி. இரண்டு கைப்பேசிகளுக்கு 30. முப்பது வாற் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 240. வானொலியும் பிள்ளைகளின் படிப்புக்கான சிறு கருவிகளும் 50. மொத்தம் 500 வாற்-மணி. அஃதாவது அரை அலகு. நமது வறண்ட வலயத்து வெயிலில் 1 கிலோவாற் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு அலகு வரை தரும். ஆகவே இழப்புகளைச் சேர்த்துப் பார்த்தாலும் 200 முதல் 250 வாற் வரையுள்ள ஒரு தகடே இவ்வளவுக்கும் போதும். இரண்டு இரவுக்குச் சேமிக்க வேண்டுமாயின், 12 வோல்ற் 200 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று வேண்டும். ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறுகும். லித்தியம் பற்றரியாயின் 100 அம்பியர்-மணியே ஏறத்தாழ அந்த வேலையைச் செய்யும். மாரி காலத்து மப்பு நாட்களில் வரவு குறையும். அப்போது அந்தத் தாய் செய்ததுபோல மின்விசிறியை நிறுத்திவிட்டு விளக்கைக் காக்க வேண்டும்.

இதே பட்டியலில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் சேர்த்துப் பாருங்கள். அது ஒன்றே நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு; முன் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்ததன் இரு மடங்கு. மின்னழுத்தி, நீர் கொதிக்க வைக்கும் கேத்தல், சோறு சமைக்கும் குக்கர் என்பவற்றைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மேலே பாயும். சூடாக்கும் கருவி எதுவும் பற்றரிக்குப் பகை. அவசியத்தையும் வசதியையும் ஒரே பட்டியலில் எழுதுபவன், வசதியின் விலையைக் கண்டு அஞ்சி அவசியத்தையும் கைவிடுவான். இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்கவேண்டிய நோயாளி உள்ள வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி அவசியம். மற்றொரு வீட்டுக்கு அது வசதி. இதை விற்பனையாளர் தீர்மானிக்க முடியாது. வீட்டாரே கூடியிருந்து தீர்மானிக்க வேண்டும்.

தோட்டக்காரரின் கணக்கு

இரண்டாவது வேலை தண்ணீர். வன்னியின் மேட்டுநிலத் தோட்டங்களில் மிளகாயும், கத்தரியும், பூசணியும், கச்சானும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் வயலுக்கு நீர் தரும். மேட்டு நிலத்துக்கு இறைப்புத்தான் கதி. மண்ணெண்ணெய் விலை உயர்ந்தபோது நீர் இறைக்கும் பம்பை நிறுத்திவிட்டுப் பயிரைக் காயவிட்டவர்களை நாம் அறிவோம்.

தண்ணீருக்குப் பற்றரி தேவையில்லை. பகலில் இறைத்துத் தாங்கியில் நிரப்பிவிட்டால் அந்தத் தாங்கியே பற்றரி. இருபது அடி ஆழத்திலிருந்து நீரை மேலேற்ற, பம்பின் இழப்புகளையெல்லாம் கழித்த பின்னரும், ஓர் அலகு மின்சாரம் ஏறத்தாழ 20,000 லீற்றருக்குப் போதும். கால் ஏக்கருக்கு ஓரங்குல நீர் பாய்ச்ச 25,000 லீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே ஒரு கிலோவாற் தகட்டின் அரை நாள் வேலையிற் கால் ஏக்கர் நனையும். ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சூரியன் செய்யக்கூடிய மிக மலிவான பேருபகாரம் இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

ஆயின் இதற்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெய் வாங்கும்போது விலையே நம் கையைத் தடுத்தது. வெயிலுக்கு விலையில்லை, ஆகவே தடுப்பாருமில்லை. பாகிஸ்தான் 2024 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 17 கிகாவாற் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. அவற்றுட் பல விவசாயிகளின் ஆழ்கிணறுகளுக்குப் போயின. நிலத்தடி நீர் மேலும் கீழே போகின்றதென்ற அச்சம் அங்கே எழுந்துள்ளது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அளவுமீறி இறைத்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் உவர்ப்பானதை நாம் கண்ணாரக் கண்டோம். பூநகரிக் கரையிலும் முல்லைத்தீவுக் கரையிலும் அந்தத் தவறு மீண்டும் நேரலாகாது. சூரிய பம்பு போடுபவர் கிணற்றின் ஊற்றையும் அளந்து, இத்தனை மணி நேரமே இறைப்பதென்று தாமே ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

யானை வேலியைப் பற்றியும் ஒரு சொல். சூரியத் தகட்டிலிருந்து இயங்கும் முறையான மின்வேலி, விநாடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய அதிர்ச்சியைத் தந்து யானையை விரட்டும்; கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பதோ மனிதனையும் யானையையும் ஒருங்கே கொல்வது. அது சட்டப்படி குற்றம் என்பதைச் சட்டம் கற்றவர் என்ற முறையில் மட்டுமன்றி, இத்தகைய சாவு வீடுகளுக்குச் சென்று வந்தவர் என்ற முறையிலும் சொல்கின்றோம்.

விற்பனை என்பது வியாபாரம்

மூன்றாவதும் நான்காவதுமான வேலைகளே இன்று மிகுதியாக விற்கப்படுகின்றன. இலங்கையில் தகட்டு மின்சாரத்தை மின்வலையோடு கணக்குத் தீர்க்கும் முறை 2010 இல் வந்தது. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டம் தொடங்கிய பின்னர் மூன்று வழிகள் ஏற்பட்டன. நெற் மீற்றரிங் முறையில் பணம் கைமாறாது. மிஞ்சிய அலகுகள் நமது கணக்கில் வரவு வைக்கப்படும். நெற் எக்கவுண்டிங் முறையில் மிஞ்சிய அலகுகளுக்குப் பணம் தரப்படும். நெற் பிளஸ் முறையில் விளைந்த மின்சாரம் முழுவதும் விற்கப்படும். வீட்டுக்குரியதை வழமைபோல் வாங்க வேண்டும்.

கட்டணத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் முதலில் உங்கள் மின்பட்டியலைப் பாருங்கள். நமது கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகுக்கு மேற்செல்லும் வீட்டுக்கு மேற்படியின் சுமை மிகப் பெரிது. குறைத்தால் இலாபம் உண்டு. மாதம் 50 அலகு செலவிடும் விவசாயக் குடும்பத்துக்கோ குறைப்பதற்கு அதிகம் இல்லை. அந்தக் குடும்பம் ஐந்து கிலோவாற் தகடு ஏற்றினால் மாதம் 600 அலகு வரை விளையும். தேவை 50, விளைச்சல் 600. அப்போது அக்குடும்பம் மின்சாரம் பாவிப்போர் என்ற நிலையிலிருந்து மின்சாரம் விற்கும் வியாபாரி என்ற நிலைக்குப் போய்விடுகின்றது. வியாபாரம் செய்வது தவறன்று. ஆனால் வியாபாரமென்று அறிந்து செய்ய வேண்டும்.

அந்த வியாபாரத்தின் விலை எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். 2016 இல் முதல் ஏழு ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா. அதன் பின்னர் 15 ரூபா 50 சதம். 2022 இல் புதிதாகச் சேர்ந்தோருக்கு 37 ரூபா. 2024 இல் 27 ரூபா. 2025 இல் ஐந்து கிலோவாற் வரையான கூரைகளுக்கு 20 ரூபா 90 சதம்; அதற்கு மேற்பட்டவற்றுக்கு அதனினும் குறைவு. அதே 600 அலகைப் பெருக்கிப் பார்த்தால் 37 ரூபா விலையில் மாதம் 22,200 ரூபா; 20 ரூபா 90 சதத்தில் 12,540 ரூபா; 15 ரூபா 50 சதத்தில் 9,300 ரூபா. அயலவர் எந்த ஆண்டில் கையெழுத்திட்டார் என்பதைக் கேளாமல், அவர் பெறும் காசைக் கண்டு நீங்கள் கடன் வாங்குவது பேதைமை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே தொடக்கம் என்றார் அமைச்சர். தேவை குறைந்த பகலில் கூரைகளிலிருந்து பாயும் மின்சாரம் மிகுந்திருந்ததால் வலை நிலைகுலைந்தது என்ற விளக்கமும் தரப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்பிரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது. வன்னிக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும் காலமல்லவா அது! வெயில் உச்சத்தில் விளையும் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. மாலை விளக்கேற்றும் வேளையில் வேண்டிய மின்சாரம் கூரையில் இல்லை. இந்த முரண்பாட்டை உணர்ந்தே, பற்றரியில் சேமித்து மாலையில் தரும் மின்சாரத்துக்குக் கூடிய விலை கொடுக்கும் ஏற்பாட்டையும் அரசு பின்னர் அறிவித்தது. பகலில் விற்பதையே நம்பிக் கடன்படுபவர் இந்தப் போக்கைக் கவனிக்க வேண்டும்.

கையெழுத்திடுமுன்

சட்டத்தொழிலில் உள்ளோர் என்ற வகையில் சிலவற்றை வற்புறுத்துகின்றோம்.

ஒப்பந்தம் இருபது ஆண்டுக்குரியது. இன்று பள்ளியில் முதலாம் வகுப்புச் சேரும் பிள்ளை தொழில் பார்க்கும் வயது வரும்வரை அது நம்மைக் கட்டும். அத்தகைய பத்திரத்தை விளங்காத மொழியிற் கையெழுத்திடுவது எவ்வாறு? 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ். அரச நிறுவனத்திடமிருந்து தமிழிற் பத்திரம் கேட்பது யாசகமன்று, உரிமை. கேளுங்கள். கேட்டுப் பழகாத உரிமை ஏட்டிலேயே கிடக்கும்.

ஒப்பந்தம் யாருடன் என்பதையும் பாருங்கள். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. மறுதரப்பின் பெயர், அதன் கடமை, வலையின் பாதுகாப்புக்காக உங்கள் தகட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம், அவ்வாறு நிறுத்திய நாளுக்கு நட்டஈடு உண்டா இல்லையா என்பவற்றை வரி வரியாக வாசிப்பியுங்கள்.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தம் மின்கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருடனேயே செய்யப்படும். நம் பகுதியில் எத்தனையோ வீடுகளின் கணக்கும் காணியும் போரில் இறந்தவரின் பெயரிலோ, காணாமலாக்கப்பட்டவரின் பெயரிலோ இருக்கின்றன. காணி பலருக்கு உறுதியன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமே. முதலில் மரணச் சான்றிதழையோ, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அனுமதித்த காணாமற்போனமைச் சான்றிதழையோ கொண்டு பெயரை ஒழுங்குபடுத்த வேண்டும். காணாமற்போனமைச் சான்றிதழைப் பெறுவது, அவர் இறந்துவிட்டாரென ஒப்புக்கொள்வதாகாது. இதை அஞ்சித் தயங்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இதனை அழுத்திச் சொல்கின்றோம். பெயரைச் சீர்செய்யாமல், “பிறகு பார்க்கலாம்” என்று முதலிற் கடனை எடுத்துத் தகடு வாங்கியவர்கள் தவணையைக் கட்டிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கின்றனர்.

கடன் என்ற சொல் வன்னியில் எத்தனை பெண்களின் உறக்கத்தைப் பறித்தது என்பதை எவரே அறியார்? 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. அந்தக் காயம் ஆறுமுன் புதிய தவணை, புதிய பெயரில் கதவைத் தட்டுகின்றது. மாதத் தவணை 12,540 ரூபாவுக்கு மேலாயின், 600 அலகும் குறையாமல் விளைந்தாலும் அந்தக் கூரை உங்களுக்கு உழைக்கவில்லை. கடன் கொடுத்தவருக்கே உழைக்கின்றது.

பிறர் கண்ட அனுபவம்

இது புதிய அனுபவமன்று. உலக வங்கியின் உதவியுடன் 1997 முதல் இலங்கையின் கிராமங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு சூரியத் தொகுதிகள் கடனடிப்படையில் வழங்கப்பட்டன. சில விளக்கும் ஒரு சிறு தொலைக்காட்சியும் இயக்குவதே அவற்றின் வேலை. மின்வலை எட்டியதும் பல வீடுகளில் அவை கைவிடப்பட்டன; கடன்தான் எஞ்சியது. பங்களாதேசில் 2003 இற்குப் பின் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு ஒளிபெற்றன. அங்கும் மின்வலை வந்ததும் பல தகடுகள் தூசி பிடித்தன. அவை வீணான திட்டங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். மின்வலை வராத ஆண்டுகளில் அவை பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் மின்வலை வந்தபின் அந்தத் தகட்டுக்கு என்ன புது வேலை என்று எவரும் எண்ணவில்லை. வேலை முடிந்த கருவி பாரமாயிற்று.

இன்று நமது நிலை அதன் மறுபுறம். வலை இருக்கின்றது, ஆனால் நம்பிக்கையோடு சாய்ந்துகொள்ள முடியாத வலை. ஆகவே வன்னிக் குடும்பத்துக்கு நாம் கூறும் ஒழுங்கு இது. முதலில் ஒளியும், செய்தித் தொடர்பும், நோயாளியின் தேவையும். இவை எவர் தயவுமின்றி நம் கையில் இருக்க வேண்டும். அடுத்து தண்ணீர். அதன் பின்னர் கட்டணக் குறைப்பு. இவை மூன்றும் நிறைவேறிய பின்னர் கையில் மிச்சமிருப்பின் விற்பனை. மருத்துவரோ பொறியியலாளரோ வவுனியா நகரிற் பெரிய வீடு கட்டி மாதம் 300 அலகு செலவிடுபவராயின், மூன்றாவதை முன்னே கொண்டுவரலாம். அதுவும் ஒரு சிறு பற்றரியைச் சேர்த்துக்கொண்டே. ஒழுங்கு வீட்டுக்கு வீடு மாறலாம். ஒழுங்கே இல்லாதிருத்தல் ஆகாது.

செய்ய வேண்டியது

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். வீட்டார் எல்லோரும் இருங்கள். மின்சாரம் மூன்று நாள் இல்லையென்றால் எது இல்லாமல் வாழ முடியாது என்று எழுதுங்கள். அதன் வாற்றையும் மணியையும் பெருக்குங்கள். ஓராண்டு மின்பட்டியல்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். கிணற்றின் ஆழத்தையும் மோட்டரின் குதிரைவலுவையும் குறியுங்கள். இந்தத் தாளுடன் விற்பவரிடம் சென்று, “மின்வலை நின்றால் இது என்ன செய்யும்? பற்றரி எத்தனை ஆண்டு? பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில்?” என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

தனித்தனியே கேட்பதிலும் கூடிக் கேட்பது வலிது. நம்மிடம் கமக்கார அமைப்புகள் உண்டு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. உரமும் விதைநெல்லும் வாங்கக் கூடும் நாம், தகடும் பற்றரியும் வாங்கக் கூடுதல் ஆகாதா? ஊருக்கு இரண்டு இளைஞரைப் பழுது பார்க்கப் பழக்குதல் ஆகாதா? ஒரு பொது ஒப்பந்த மாதிரியைத் தமிழில் எழுதி, அதையே எல்லா விற்பனையாளர் முன்னும் வைத்தல் ஆகாதா? ஆகும். நமது கட்சிக் கிளைகளும் சட்டத்தரணிகளும் இதற்குத் துணைநிற்கக் கடமைப்பட்டவர்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒப்பந்தப் பத்திரத்தோடு வருவோருக்கு அதை வாசித்து விளக்க நாம் காத்திருக்கின்றோம், கட்டணம் வேண்டாம்.

வன்னியின் வெயில் நம் முன்னோரை வாட்டிய வெயில். குளம் வெட்டி அந்த வெயிலை வென்றனர் அவர்கள். குளம் வெட்டுமுன் எந்த வயலுக்கு நீர், எந்தத் துருசு எப்போது திறப்பது என்று கூடிப் பேசித் தீர்மானித்தனர். நமக்கு அந்த வெயிலே நீராக வந்திருக்கின்றது. அதைத் தேக்குமுன் அதன் வேலையை நாமே தீர்மானிப்போம். நாம் தீர்மானியாவிட்டால், விற்பவரும் கடன் கொடுப்பவரும் நமக்காகத் தீர்மானித்துவிடுவர்.